ஹார்லன் கை பட்டால் போதும்

கராஜுக்குள் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம் கேட்டபோது ஆர்டிஸ் வெந்த உருளைக்கிழங்கை வடித்துக்கொண்டிருந்தாள். வேறு ஒருத்தியாக இருந்தால் புருஷன் பெயரைச் சொல்லி அலறியிருப்பாள். ஆர்டிஸ் அடுப்பை அணைத்தாள்.

"ஸ்பிரிங் போயிடுச்சு," என்றாள் தனக்குத்தானே. "இடது பக்கத்து ஸ்பிரிங்."

கராஜில் ஹார்லன் காருக்குள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கதவு தரையை விட்டு ஒரு சாண் எழும்பி, முடியவில்லை என்று மறுபடியும் உட்கார்ந்துவிட்டது. கதவுக்கு மேலே நீளத் தண்டில் கோத்திருந்த இரண்டு ஸ்பிரிங்குகளில் இடது பக்கத்தது நடுவில் விண்டு பல்லைக் காட்டியது.

"நான் பட்டனைத்தான் அமுக்கினேன்," என்றான் ஹார்லன். "வேற எதையும் தொடல."

"நீ தொடலேன்னு பார்த்தாலே தெரியுது. தொட்டிருந்தா ரெண்டுமே போயிருக்கும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மகள் பிரிட்டா பள்ளிப்படிப்பை முடித்ததற்கு விருந்து. அந்த விருந்தைக் கராஜில்தான் வைப்பார்கள். கதவை முழுசாகத் தூக்கிவிட்டு, தேவாலயத்திலிருந்து இரவல் வாங்கிய மேஜைகளைப் போட்டு, பெண்ணின் பால்பல் காலத்துப் படத்திலிருந்து எல்லாவற்றையும் சுவரில் ஒட்டிவைத்தால் ஊரே அந்த வழியாக உள்ளே வரும். முன்வாசல் என்று ஒன்று இந்த வீட்டுக்கும் உண்டு. அதன் மேல் ஒரு பியானோ சாய்ந்து நிற்கிறது. முன்வாசலைத் தட்டுகிறவர்கள் எதையாவது விற்க வந்தவர்கள்தான் என்பதால் யாரும் அதை நகர்த்த நினைத்ததில்லை.

"போன் பண்ணினா வண்டியில வந்து மாத்திட்டுப் போயிடுவாங்க," என்றாள் பிரிட்டா, வாயில் ரொட்டியோடு.

அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சும்மா சொன்னேன்," என்று பிரிட்டா உள்ளே போய்விட்டாள்.

விஷயம் இதுதான். ஊர் ஹார்ட்வேர் கடையில் ஹார்லன் நிற்கும் கவுண்டருக்கு மினசோட்டா மாநிலத்தின் இந்த மூலையில் தனி மரியாதை. குழாய் ஒழுகினாலும் புல்வெட்டும் இயந்திரம் இருமினாலும் ஜனங்கள் முதலில் அவனிடம்தான் வருவார்கள். அவன் முகவாயைத் தடவிக்கொண்டு, "கொஞ்சம் இருங்க, உள்ள பார்த்துட்டு வர்றேன்" என்று பின்னறைக்குப் போவான். அங்கே போய் எதையும் பார்க்கமாட்டான். வீட்டுக்குப் போன் போடுவான். ஆர்டிஸ் மாவு பிசைந்துகொண்டே வைத்தியம் சொல்வாள். அவன் வெளியே வந்து அதையே இரண்டு மடங்கு நீளமாகச் சொல்வான். சொல்வதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. செய்வது வேறு கதை. பல்பு மாற்றப் போனால் ஏணியை உடைத்துவிட்டு வருகிற ராசி அவனுக்கு.

கல்யாணமான புதிதில் கடை முதலாளி, "ரிப்பேர் வேலை தெரியுமா?" என்று கேட்டார். "எங்க வீட்ல எல்லாத்தையும் நாங்களேதான் பார்த்துக்குறோம்," என்றான் ஹார்லன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அறுவடை இயந்திரத்தின் வயிற்றுக்குள் புகுந்து வளர்ந்தவள் ஆர்டிஸ். அன்று பிடித்த வேலை, வீடு கட்டியது, பெண்ணை வளர்த்தது. இனி உண்மை தெரிந்தால் அந்தக் கவுண்டர் பக்கம் யார் வருவார்கள்? ஊரில் அவன் தலையைத் தூக்கி நடக்கத்தான் முடியுமா?

தெருக்காரர்கள் வருஷம் பூராவும் கெட்டுப்போன சாமான்களைக் கராஜில் வைத்துவிட்டுப் போவார்கள். சீக்கிரமே அவை சரியாகி நிற்கும். "ஹார்லன் கை பட்டாப் போதும்பா" என்பார்கள், அதையும் அவனுக்குக் காது மந்தம் என்பது போலச் சமையலறை ஜன்னல் அதிரச் சொல்வார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் எல்லோரும் சேர்ந்து அவனுக்கு ஒரு ஜோடி தோல் கையுறை கொடுப்பார்கள். நல்ல தோல், கெட்டித் தையல். ஆனால் ஒரு வருஷமாவது அது அவன் விரல் முட்டியைத் தாண்டியதில்லை.

"ஒரு ஆம்பளை கை எவ்வளவு பெருசு இருக்கும்னு இத்தனை பேர்ல ஒருத்தனுக்குமா தெரியாது?" என்று பொருமுவான். "தள்ளுபடியில மிஞ்சின சைஸைத் தூக்கிட்டு வந்துடறானுங்க. கஞ்சப் பசங்க."

வீணாக்குவானேன் என்று ஆர்டிஸ் எடுத்துப் போட்டுக்கொள்வாள்.

அவளுக்கு இதிலெல்லாம் வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். புருஷன் பெயர் எடுக்கிறான் என்பதில் பெருமைதான். ஆனாலும் சமையலறையில் நின்று அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம், யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், "ஆர்டிஸ், பிரமாதமா செஞ்சிருக்கே" என்று தன் முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டார்களா என்று ஏங்கும். அப்புறம் பாத்திரத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பாள்.

"நல்லவேளை, கதவு மூடியிருக்கு," என்றாள் இப்போது. "ஸ்பிரிங் வேலையை மூடி வச்சுத்தான் செய்யணும். ஒருத்தருக்கும் தெரியாம முடிச்சிடலாம். நீ கையில கொஞ்சம் கிரீஸ் தடவிக்கோ."

ஹார்லன் கிரீஸ் டப்பாவைத் திறந்துகொண்டிருக்கும்போதே பக்கக் கதவு திறந்தது. எதிர்வீட்டு ராய்ஸ் உள்ளே வந்தார். எழுபதைத் தாண்டியவர், பேச்சில் மகா சிக்கனம். தன் வீட்டுக் கூரையைப் புயல் தூக்கிக்கொண்டு போனபோது, "காத்து கொஞ்சம் அதிகம்" என்று மட்டும் சொன்னவர். கையில் மடக்கு நாற்காலி இருந்தது.

"சத்தம் கேட்டுச்சு," என்றார்.

"ஸ்பிரிங்," என்றான் ஹார்லன்.

"ம்."

நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். அவர் பின்னாலேயே பக்கத்து வீட்டு கர்ட், ஒரு கையில் நாற்காலியும் மறு கையில் பீரும் ஏந்தி நுழைந்தான். ஒருவன் கராஜில் ரிப்பேர் பார்க்கிறான் என்றால் தெரு ஆண்கள் போய் உட்காராமல் இருப்பது பெரிய அவமரியாதை. போய் உதவவேண்டும் என்றில்லை, உட்கார்ந்தால் போதும்.

"நீ ஆரம்பி ஹார்லன்," என்றான் கர்ட். "நாங்க இருக்கோம்ல."

ஹார்லன் ஆர்டிஸைப் பார்த்தான். ஆர்டிஸ் சமையலறையில் ஆறிக்கொண்டிருந்த உருளைக்கிழங்கைப் பார்த்தாள்.

"முதல்ல புது ஸ்பிரிங் வாங்கணும்," என்றான் ஹார்லன், மூச்சு வந்தவனாக. "கடைக்குப் போயிட்டு வர ரொம்ப நேரமாகும். நீங்க வீட்டுக்குப் போங்க, அப்புறம் பார்க்கலாம்."

"உன் கார் உள்ளல்ல மாட்டிக்கிட்டிருக்கு? வா, என் வண்டியில போகலாம்," என்று கர்ட் எழுந்தான். "அஞ்சு நிமிஷ வேலை."

கடைக்குப் போனவர்கள் வெகு சீக்கிரம் திரும்பிவிட்டார்கள். ஹார்லன் இரண்டு நீளப் பெட்டிகளைத் தோளில் சுமந்து வீரநடை போட்டு வந்தான். ஆர்டிஸ் சமையலறைப் படியிலிருந்து பார்த்தாள். இரண்டு பெட்டியிலும் சிவப்புச் சீட்டு. செருப்பில் இடது வலது மாதிரி ஸ்பிரிங்கிலும் இடமுறுக்கு, வலமுறுக்கு உண்டு. ஒன்றில் சிவப்பும் ஒன்றில் கறுப்பும் இருந்தால்தான் ஜோடி. அதை வருஷக்கணக்காக விற்கிற மனுஷன் தன் வீட்டுக்கு இரண்டையும் ஒரே முறுக்கில் தூக்கி வந்திருக்கிறான்.

வாயால் சொல்ல வழியில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கராஜுக்குள் இறங்கினாள். பெருக்கிக்கொண்டே போய் ஒரு சிவப்புச் சீட்டில் துடைப்பக் காம்பை இடித்தாள். இன்னொரு சிவப்புச் சீட்டிலும் இடித்தாள். ஹார்லன் புரியாமல் பார்த்தான். மறுபடியும் இடித்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து கர்ட்டுக்குத் தன் செருப்பின் வாரில் ஏதோ சந்தேகம் வந்து குனிந்துவிட்டான். ராய்ஸ் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நமக்கு நல்ல நேரம் என்று ஆர்டிஸ் நினைத்துக்கொண்டாள்.

"அட, கடையில பெட்டியை மாத்திக் குடுத்திருக்காங்கப்பா," என்றான் ஹார்லன், கடைசியில்.

"கடையில எடுத்துக் குடுத்தது நீதானே?" என்றான் கர்ட்.

"அதான் சொல்றேன். லீவு நாள்ல என்னை வேலை வாங்கினா இப்படித்தான் ஆகும். கர்ட், நீயே போய் ஒண்ணைக் கறுப்புச் சீட்டுக்கு மாத்திட்டு வந்துடேன்."

ஆர்டிஸுக்கு இந்த யோசனை பிடித்தது. கர்ட் போனால் மிச்சம் ராய்ஸ் ஒருத்தர்தான். ஆனால் கடைக்குப் போன கர்ட் அங்கே நின்றவர்களிடம், ஹார்லன் தன் கையாலேயே ஸ்பிரிங் மாற்றப் போகிறான் என்று சொல்லியிருக்கிறான். கறுப்புச் சீட்டோடு திரும்பியபோது அவன் வண்டியின் பின்னால் இன்னொரு வண்டி வந்தது. அதிலிருந்து மூன்று பேர் நாற்காலியோடு இறங்கினார்கள்.

சாப்பாட்டுக்கு அனுப்பினால் கிளம்புவார்கள் என்று ஆர்டிஸ் கணக்குப் போட்டாள். இந்த ஊரில் சாப்பிடக் கூப்பிட்டால் முதல் தடவை மறுப்பது மரியாதை, இரண்டாம் தடவை மறுப்பது வழக்கம். மூன்றாம் தடவை சொல்வதுதான் உண்மையான பதில்.

"பின்பக்கம் மேஜை போட்டிருக்கேன். எல்லாரும் வந்து சாப்பிடுங்க."

"ஐயோ வேண்டாம்மா, இப்பதான் சாப்பிட்டு வந்தோம்."

"பன்னும் பன்றிக்கறியும் இருக்கு. நாளைக்குன்னு செஞ்சது, நிறைய இருக்கு."

"உனக்கெதுக்கு வீண் சிரமம்?"

"சிரமமெல்லாம் இல்ல. நீங்க சாப்பிடலேன்னா எனக்கு மனசு சங்கடமா இருக்கும்."

"சரி, இவ்வளவு தூரம் சொல்றே," என்று எல்லோரும் எழுந்தார்கள். வரிசையாகப் போனார்கள். தட்டு நிறைய எடுத்துக்கொண்டு வரிசையாகத் திரும்பி வந்து, அவரவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துக்கொண்டார்கள்.

"ஹார்லன் இங்க பாடுபடறப்ப நாம அங்க உக்காந்து தின்னா நல்லாவா இருக்கும்?" என்றான் கர்ட், வாய் நிறைய.

விருந்துக் கறியில் கால்வாசி போய்விட்டது. வந்தவர்களில் ஒருத்தரும் நகரவில்லை.

வேறு வழியில்லாமல் ஹார்லன் ஏணியில் ஏறினான். ஆர்டிஸ் துடைப்பத்தோடு கீழே நின்றாள். அடுத்து எதைத் தொடவேண்டும் என்று காட்டக் காம்பை மேலே நீட்டினாள். தரையைப் பெருக்க வந்தவள் மோட்டுவளையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் ஒரே மாதிரித் திரும்பி, மூலையில் கிடந்த பழைய புல்வெட்டும் இயந்திரத்தை ஆராய்ந்தார்கள்.

"நல்ல மெஷின்," என்றான் ஒருவன்.

"ரொம்ப நல்ல மெஷின்," என்றான் இன்னொருவன்.

இங்கேதான் ஹார்லனுக்குத் தைரியம் வந்தது. அவனிடம் பயம் இருக்கும்வரை ஆபத்தில்லை. அறுந்துபோன ஸ்பிரிங் செத்த பாம்பு, அதை என்ன செய்தாலும் ஒன்றும் இல்லை. அறுகாத வலது ஸ்பிரிங் இன்னும் முழு முறுக்கில் இருந்தது. இரும்புக் கம்பியை அதன் துளையில் செருகி அழுத்திப் பிடிக்காமல் திருகாணியைத் தளர்த்தினால், அது சுழன்று அடிக்கிற அடியில் கை எலும்பு மாவாகிவிடும். ஹார்லன் கம்பியைக் கீழே வைத்துவிட்டான். ஸ்பேனரை எடுத்தான். வலது ஸ்பிரிங்கின் திருகாணியில் வைத்தான்.

"இதை முதல்ல லூஸ் பண்ணணும்," என்று கூட்டத்துக்கு விளக்கினான். "அனுபவம் இல்லாதவன் இங்கதான் பயப்படுவான்."

நாற்காலியை விட்டு ராய்ஸ் எழுந்ததை ஆர்டிஸ் ஓரக்கண்ணால் பார்த்தாள். யோசிக்க நேரமில்லை. படியில் ஆறவைத்திருந்த உருளைக்கிழங்கு சாலட், ஐம்பது பேருக்கான பெரிய பீங்கான் கிண்ணம் நிறைய. அதைக் கையில் எடுத்தாள். தரையில் போட்டாள்.

கிண்ணம் தூள் தூளாகச் சிதறியது. ஹார்லன் ஸ்பேனரை நழுவவிட்டான். ஐந்து பேர் காலிலும் சாலட். காரின் கண்ணாடியிலும் சாலட். பிரிட்டாவின் பால்பல் படத்திலும் சாலட்.

"கை வழுக்கிடுச்சு," என்றாள் ஆர்டிஸ். ஏணியின் மேல் நின்ற அந்த அசட்டு மனுஷனின் இரண்டு கையும் முழுசாக இருப்பதைப் பார்த்து அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. என்ன இருந்தாலும் அவளுடைய ஹார்லன்.

ஆண்கள் கூடி வழித்தார்கள், துடைத்தார்கள். துடைத்து முடித்தால் மறுபடியும் உட்காரப்போகிறார்கள். அப்போதுதான் ஆர்டிஸுக்குப் பியானோ ஞாபகம் வந்தது.

"எனக்கு ஒரு பயம்," என்றாள். "நாளைக்குள்ள கதவு சரியாகலேன்னா ஜனங்க எந்த வழியா வருவாங்க? முன்வாசலையாவது திறந்து வைக்கணும். ஆனா அந்தப் பியானோவை யாரு நகர்த்துறது? வேண்டாம், விடுங்க, பாவம், உங்களைப் போய்ச் சொல்லிக்கிட்டு."

அவர்கள் இரண்டு தடவை மறுத்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வார்கள் என்று அவள் காத்திருந்தாள். ராய்ஸ் ஏற்கனவே எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"பியானோ," என்றார். "நல்ல யோசனை. எல்லாரும் வாங்க." அந்த வருஷத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அவர்கள் உள்ளே போனதும் ஆர்டிஸ் சமையலறைக் கதவைத் தாழிட்டாள். பக்கக் கதவையும் தாழிட்டாள். அலமாரியின் அடியிலிருந்து கையுறையை எடுத்து மாட்டினாள். ஒவ்வொரு விரலுக்கும் அளவெடுத்தது போல உட்கார்ந்தது.

"கீழ இறங்கு. அந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு உக்காரு. முக்கி முனகிக்கிட்டே இரு."

"எப்படி முனகணும்?"

"நீ குளியலறைக் குழாயை மாத்தினப்ப முனகினியே, அப்படி."

ஹார்லன் முனக ஆரம்பித்தான். இதில் அவனுக்கு நல்ல தேர்ச்சி. ஆர்டிஸ் ஏணியில் ஏறினாள். கதவு எகிறாமல் இருக்க, அது ஓடும் தண்டவாளத்தில் குறடைக் கவ்வவிட்டாள். கம்பியைத் துளையில் செருகி, உடம்பை ஒரு பக்கமாக ஒதுக்கி, வலது ஸ்பிரிங்கின் முறுக்கைக் கால் சுற்றுக் கால் சுற்றாக இறக்கினாள். ஒரு கம்பி பிடித்துக்கொள்ள, மறு கம்பி அடுத்த துளைக்குப் போகும். ஒரு கணம்கூட ஸ்பிரிங் பிடியில்லாமல் இருக்கக்கூடாது. பழையதைக் கழற்றினாள். புதியதைக் கோத்தாள், சிவப்பு ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம்.

உள்ளே தடால் என்று ஒரு சத்தம்.

"ஹார்லன்," என்று கர்ட்டின் குரல் கதவுக்கு அப்பாலிருந்து கேட்டது. "பியானோ சமையலறை வாசல்ல மாட்டிக்கிச்சு. முன்னாலயும் போகல, பின்னாலயும் போகல. ஒரு கை குடுக்குறியா?"

ஹார்லன் ஆர்டிஸைப் பார்த்தான். அவள் போகாதே என்று தலையசைத்தாள்.

"ஸ்பிரிங் கையில இருக்குப்பா," என்று கத்தினான், வாளியில் உட்கார்ந்து கால் மேல் கால் போட்டபடி. "விட்டேன்னா செத்தேன்."

"ஐயோ, விடாதே. நாங்க பார்த்துக்குறோம்."

ஆர்டிஸ் புது ஸ்பிரிங்கை முறுக்கத் தொடங்கினாள். முறுக்க முறுக்க அதற்கு உயிர் வந்தது. கம்பி வழியாக அது அவள் தோளில் பேசியது. போதாது, போதாது, இன்னும் கொஞ்சம், இப்போது சரி. அந்த இடம் எது என்று யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்தத் தெருவில் எத்தனை கராஜ் இருக்கிறதோ, அத்தனையிலும் இதைச் செய்யத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்று நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஹார்லன் முனகுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்னை மாதிரி ஒருத்தி இந்த ஜில்லாவிலயே கிடையாது, ஆர்டிஸ்," என்றான்.

"முனகு."

முனகினான்.

திருகாணிகளை இறுக்கினாள். குறடை எடுத்தாள். ஸ்பிரிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு பரீட்சை உண்டு. மோட்டாரிலிருந்து கதவை விடுவித்து, கையால் இடுப்பளவு தூக்கி, விட்டுவிடவேண்டும். முறுக்கு குறைந்தால் விழும், கூடினால் எகிறும். ஆர்டிஸ் ஒரு கையால் தூக்கினாள். அத்தனை கனமான கதவு பூப்போல வந்தது. இடுப்பளவில் விட்டாள். அசையாமல் அந்தரத்தில் நின்றது.

"பார்த்தியா," என்றாள், முகம் மலர்ந்து. ஏணியில் மறுபடியும் ஏறி, கடைசியாக ஒரு திருகாணியைத் தொட்டுப் பார்த்தாள். அங்கிருந்து கீழே கண் போனது.

பாதி திறந்த கதவுக்கு அப்பால், வண்டி நிற்கும் பாதையில், ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு. அதன் பக்கத்தில் பியானோவின் முக்காலி. பியானோவுக்கு வழிவிட முக்காலியை வெளியே கொண்டுவந்து வைத்த ராய்ஸ் அங்கே நின்றிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று ஆர்டிஸ் கணக்குப் போட்டாள். ஏணிப்படியில் பூப்போட்ட வீட்டுச் செருப்புக் கால் இரண்டு. தள்ளி, கவிழ்த்த வாளியில் கால் மேல் கால் போட்ட ஹார்லனின் பூட்ஸ்.

பழுப்புச் செருப்பு இரண்டும் மெதுவாகத் திரும்பி, தெருவைப் பார்த்து நின்றன.

ஆர்டிஸ் கதவை இறக்கினாள். இத்தனை வருஷம் காப்பாற்றிய மானம் ஒரு ஜோடி செருப்பில் போயிற்று.

பத்தே நிமிஷத்தில் பட்டனை அமுக்கி, கதவு மேலேறி, நடுவில் ஹார்லன் கை நிறையக் கிரீஸோடு நின்றபோது ஆண்கள் கைதட்டினார்கள். "ஹார்லன் கை பட்டாப் போதும்பா," என்று கர்ட் முழங்கினான், முகத்தைச் சமையலறைப் பக்கம் திருப்பிக்கொண்டு. ராய்ஸ் நாற்காலியை மடக்கினார். ஆர்டிஸைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். சொல்லாமல் போனதுதான் அவளை ராத்திரி பூராவும் படுத்தியது.

பியானோவை யாராலும் அசைக்க முடியவில்லை. சமையலறைக்கும் நடுஅறைக்கும் நடுவில் அது நின்றுவிட்டது. சாலட் கொட்டிப்போன செய்தி ஊரில் பரவிவிட்டதால் மறுநாள் வந்த ஒவ்வொரு வீட்டுக்காரியும் ஆளுக்கொரு கிண்ணம் உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவந்தாள். விருந்தில் வேறு எதையும் பார்க்க முடியவில்லை. ராய்ஸின் மனைவி லவோனும் ஒரு கிண்ணத்தோடு வந்து ஆர்டிஸைக் கட்டிக்கொண்டாள். இருவரும் ஒரே வாகு, தேவாலயத்தில் கோட்டு மாறிப்போய் ஒருவருடையதை ஒருவர் மாதக்கணக்கில் போட்டுத் திரிந்திருக்கிறார்கள். இவளிடம் சொல்லியிருப்பாரோ என்று ஆர்டிஸ் அவள் முகத்தைத் துழாவினாள். லவோன் சாலட்டில் கடுகு போட்டதைப் பற்றி மட்டும் பேசினாள்.

கராஜ் நிறைந்து வழிந்தது. கதவு தலைக்கு மேலே அழகாக மடங்கிக் கிடந்தது. பிரிட்டா பட்டமளிப்புத் தொப்பியோடு நடுவில் நின்று எல்லோரிடமும் முத்தம் வாங்கிக்கொண்டிருந்தாள். ஹார்லன் ஒரு கூட்டத்துக்கு இடமுறுக்கும் வலமுறுக்கும் எப்படி வித்தியாசப்படும் என்று கையை வீசி விளக்கிக்கொண்டிருந்தான். ஒரு தப்பு இல்லாமல் சொன்னான். ஆர்டிஸுக்கே அதைக் கேட்கப் பெருமையாக இருந்தது. ராய்ஸ் மட்டும் வாயைத் திறந்தால் இந்த மனுஷன் நாளைக்குக் கவுண்டரில் எந்த முகத்தோடு நிற்பான் என்ற நினைப்பில் அந்தப் பெருமை பாதியிலேயே நின்றது.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே, கராஜ் பக்கமாக, ராய்ஸ் வந்து நின்றார். கையில் தட்டு, தட்டில் நாலுவிதச் சாலட். உள்ளே ஆர்டிஸ் தனியாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இனித் தள்ளிப்போட முடியாது.

"ராய்ஸ்," என்றாள் தணிந்த குரலில். "நேத்து நீங்க பார்த்தது வந்து... நான் சும்மா டார்ச் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன்."

"ம்."

"மேல இருட்டு. அவனுக்குக் கிட்டப்பார்வை சரியில்ல. அதான் ஏணியில ஏறி வெளிச்சம் காட்டினேன். வேலையெல்லாம் ஹார்லன்தான்."

"ம்."

"அவன் உக்காந்திருந்ததுகூட, களைச்சுப்போய் அப்பதான் உக்காந்தான். வெளியில யார்கிட்டயும் நீங்க..."

ராய்ஸ் ஒரு துண்டு உருளைக்கிழங்கை நிதானமாக மென்று விழுங்கினார். மேலே மடங்கிக் கிடந்த கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஜன்னல் விளிம்பில் காய்ந்துகொண்டிருந்த தோல் கையுறையையும் பார்த்தார். பிறகு தட்டை ஜன்னலில் வைத்துவிட்டு, நேராக ஆர்டிஸின் முகத்தைப் பார்த்தார்.

"அது கிடக்கட்டும்மா. வருஷா வருஷம் கையுறை வாங்கறப்ப, லவோன் கையில போட்டுப் பார்த்துத்தான் நாங்க எல்லாரும் வாங்குறோம். உன் கைக்குச் சரியா இருக்கா?"